மனநலமும் மனதின் பழக்கங்களும்: பெரியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெரியவர்களின் மனநலத்தோடு தொடர்புடைய உளவியல் காரணிகள் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாக் காரணிகளுக்கும் சமமாக இடம் ஒதுக்கவில்லை. ஒரு கஷ்டம் வந்த பிறகு மனம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது என்பதற்குத்தான் அதிக இடம். மாற்ற முடிந்தவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.

உளவியல் காரணி என்றால் என்ன? அது இருந்தால் நோய் வந்துவிடுமா?

நாம் யோசிக்கும் விதம், உணர்ச்சிகளைக் கையாளும் விதம், நம்மைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் வைத்திருக்கும் நம்பிக்கைகள், கஷ்டத்தைச் சமாளிக்கும் பழக்கம் எல்லாமே இதில் அடங்கும். இவற்றில் சில, மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றோடு சேர்ந்தே காணப்படுகின்றன. சேர்ந்து காணப்பட்டால் அதுதான் காரணம் என்று ஆகிவிடாது.

தன்மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வில் இருப்பவருக்குத் தன்னைப் பற்றிய மதிப்பு குறைவாக இருக்கும். மதிப்பு குறைந்ததால் சோர்வு வந்ததா, சோர்வு வந்ததால் மதிப்பு குறைந்ததா? ஒரே நாளில் எடுத்த சர்வேயை வைத்து இதைப் பிரிக்கவே முடியாது. அதே ஆட்களைக் காலம் விட்டுக் காலம் அளந்து பார்க்க வேண்டும். அப்படிப் பின்தொடர்ந்த 77 ஆய்வுகளை 2013-ல் தொகுத்துப் பார்த்தார்கள். தாக்கம் இரண்டு பக்கமும் இருந்தது. ஆனால் தன்மதிப்பிலிருந்து சோர்வுக்குப் போகும் பாதைதான் வலுவாக இருந்தது. பதற்றத்தில் அப்படி இல்லை, இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம்.

காரணி இருந்தால் வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். எல்லாக் காரணிகளும் இருந்தும் நன்றாக இருப்பவர்கள் உண்டு. எதுவுமே இல்லாமல் விழுந்தவர்களும் உண்டு.

மரபணுதானே எல்லாம்? அம்மாவுக்கு இருந்தது, எனக்கும் வந்துவிட்டது.

பங்கு உண்டு, எல்லாம் இல்லை. இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து 2000-ல் வெளியான கணக்கின்படி, தீவிர மனச்சோர்வில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் சுமார் 37 சதவீதம் மரபு சார்ந்தது. ஸ்கிசோஃப்ரினியாவிலும் இருமுனை நோயிலும் (மிகை உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) இந்தப் பங்கு இதைவிட நிறைய அதிகம்.

இந்த எண்ணைப் பலரும் தப்பாகப் படிக்கிறார்கள். உங்கள் சோர்வில் 37 சதவீதம் அம்மா கொடுத்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு பெரிய கூட்டத்தில் உள்ள வேறுபாடுகளைப் பற்றிய எண் இது, தனி ஆளைப் பற்றி எதுவும் சொல்லாது.

பெரிய அடி விழுந்தால்தானே மனநலம் கெடும்? எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லையே.

1967-ல் ஹோம்ஸ், ராஹே என்ற இரு ஆய்வாளர்கள் வாழ்க்கை நிகழ்வுகளுக்கு மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். மொத்தம் 43 நிகழ்வுகள். கணவன் அல்லது மனைவியின் மரணம் 100, விவாகரத்து 73. திருமணத்துக்கும் 50 உண்டு, ஏனென்றால் நல்ல மாற்றமும் சுமைதான். கூட்டிப் பார்த்தால் உங்கள் ஸ்ட்ரெஸ் எவ்வளவு என்று தெரிந்துவிடும் என்பது கணக்கு.

ஆனால் ஒரே மதிப்பெண் உள்ள இரண்டு பேர் ஒரே மாதிரி இருப்பதில்லை. லாசரஸ், ஃபோக்மன் இருவரும் 1984-ல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். எது நடந்தாலும் மனம் இரண்டு விஷயங்களை எடைபோடுகிறது: இதனால் எனக்கு என்ன ஆபத்து? இதைச் சமாளிக்க என் கையில் என்ன இருக்கிறது? முதல் தட்டு கனத்து இரண்டாவது மேலே போனால் அதுதான் ஸ்ட்ரெஸ். அதனால் "ஒன்றுமே நடக்கவில்லை" என்பவருக்கும் சோர்வு வரலாம். சின்னச் சின்னதாக நடந்துகொண்டே இருக்கும், கையில் எதுவும் இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

மறுபக்கமும் உண்டு. துணையை இழந்தவர்கள், விபத்தில் சிக்கியவர்கள், பேரிடரில் மாட்டியவர்கள் என்று பலரையும் ஜார்ஜ் பொனானோ என்ற உளவியலாளர் பின்தொடர்ந்து பார்த்தார். அதிகம் பேரிடம் காணப்பட்ட பாதை, ஓரளவு நிலையாகவே தாக்குப்பிடிப்பது. அழவில்லையே, உடைந்துபோகவில்லையே, நமக்கு ஏதோ கோளாறு போல என்று அவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

வேலை போய்விட்டது, கடன் கழுத்தை நெரிக்கிறது. இதில் உளவியல் எங்கே வருகிறது?

நியாயமான கோபம். இப்படிப்பட்டவரிடம் போய் "பாசிட்டிவாக யோசியுங்கள்" என்று சொல்வது அபத்தம். காசு, வீடு, பாதுகாப்பு, வன்முறை இல்லாத வீட்டுச் சூழல் இவையெல்லாம் மனநலக் காரணிகள்தான். உளவியல் இவற்றுக்கு மாற்று ஆகாது.

லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து பிரவுன், ஹாரிஸ் இருவரும் 1978-ல் வெளியிட்ட முடிவுகள் இதற்கு நல்ல உதாரணம். கடுமையான சம்பவம் ஒன்று வரும்போது யார் சோர்வில் விழுகிறார்கள் என்று பார்த்தார்கள். மனம் விட்டுப் பேச நெருங்கிய ஒருவர் இல்லாதவர்கள், 14 வயதுக்கு உட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளோடு வீட்டில் இருந்தவர்கள், வெளியே சம்பள வேலை இல்லாதவர்கள், 11 வயதுக்கு முன்பே தாயை இழந்தவர்கள். இந்த நான்கில் எதுவும் மண்டைக்குள் மட்டும் இருக்கிற விஷயம் இல்லை. ஆனால் நான்குமே கடைசியில் மனதுக்குள்தான் வேலை செய்கின்றன: "எனக்கு யாரும் இல்லை", "என்னால் ஒன்றும் ஆகாது" என்ற எண்ணங்களாக.

நடந்த ஒன்றையே விடாமல் அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். இது அவ்வளவு பெரிய விஷயமா?

என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்திலேயே பெரிய விஷயம் இதுதான்.

இரவு பத்து மணி. மேலாளரிடமிருந்து ஒரு மெசேஜ்: "நாளைக்குக் காலையில் கொஞ்சம் பேசணும்." அவ்வளவுதான். ஒருவர் "என்னவோ" என்று முணுமுணுத்துவிட்டு அலாரம் வைத்துவிட்டுப் படுக்கிறார். இன்னொருவர் போனைக் கவிழ்த்து வைக்கிறார், மறுபடி எடுக்கிறார். "கொஞ்சம்" என்றால் என்ன? போன வாரம் அனுப்பிய ரிப்போர்ட்டில் ஏதாவது தப்பா? மீட்டிங்கில் அவர் முகம் ஒரு மாதிரி இருந்ததே. அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஏன் கேட்கவில்லை? நான் ஏன் எப்போதுமே இப்படி இருக்கிறேன்? பழைய வேலையிலும் இப்படித்தான் ஆனது. எனக்கு மட்டும் ஏன்...

கவனித்தீர்களா, கேள்வி எங்கே திரும்புகிறது என்று? "என்ன விஷயமாக இருக்கும்" என்று ஆரம்பித்தது. பத்தே நிமிடத்தில் "நான் ஏன் இப்படி" என்று முடிகிறது. முதல் கேள்விக்கு நாளைக் காலையில் பதில் கிடைத்துவிடும். இரண்டாவதற்கு எந்தக் காலையிலும் கிடைக்காது.

இந்தப் பழக்கத்தை முறையாக ஆராய்ந்தவர் சூசன் நோலன்-ஹோக்சிமா. அவருக்கு எதிர்பாராத ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்களிடம் மனநிலை பற்றியும், மனம் சரியில்லாதபோது என்ன செய்வார்கள் என்பது பற்றியும் ஒரு கேள்வித்தாள் கொடுத்திருந்தார். இரண்டு வாரத்தில், 1989 அக்டோபர் 17 அன்று, லோமா ப்ரியெட்டா நிலநடுக்கம் அந்தப் பகுதியைக் குலுக்கியது. அதே மாணவர்களை மறுபடி சந்தித்தார். நிலநடுக்கத்துக்கு முன்பே அசைபோடும் பழக்கம் இருந்தவர்களுக்குச் சில வாரங்கள் கழித்தும் சோர்வு அதிகமாக இருந்தது. முன்னர் இருந்த சோர்வைக் கழித்துப் பார்த்தாலும் அந்த வித்தியாசம் அப்படியே இருந்தது.

இதில் உள்ள பொறி என்னவென்றால், அசைபோடும்போது பிரச்சினையைத் தீர்ப்பது போலவே தோன்றும். ஆழமாக யோசிக்கிறோம், புரிந்துகொள்கிறோம் என்று நினைப்போம். எளிய சோதனை ஒன்று: பத்து நிமிடம் யோசித்த பிறகு, செய்ய வேண்டிய ஒரு காரியமாவது கையில் இருக்கிறதா? இருந்தால் அது யோசனை. இல்லாமல் மனம் மட்டும் இன்னும் கனத்திருந்தால் அது அசைபோடல்.

அதிலிருந்து இறங்கச் சில வழிகள் உண்டு. "ஏன்" என்பதை "எப்படி", "அடுத்து என்ன" என்று மாற்றுவது முதல் வழி. "ஏன் எனக்கு மட்டும்" என்பதை விட்டுவிட்டு, "சரியாக எந்த நிமிடத்தில் மனம் கெட்டது, அப்போது யார் என்ன சொன்னார்கள், நாளைக்கு நான் முதலில் கேட்க வேண்டியது என்ன" என்று நுணுக்கமாகப் போவது. எட் வாட்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் உருவாக்கிய சிகிச்சை முறையின் மையமே இந்த மாற்றம்தான். இன்னொன்று, உங்கள் பெயரைச் சொல்லி உங்களிடமே பேசுவது: "சரி குமார், நீ இப்போது என்ன செய்யலாம்?" கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஈதன் கிராஸ் என்ற உளவியலாளர் நடத்திய சோதனைகளில், "நான்" என்பதை விட்டுத் தன் பெயரால் தன்னை அழைத்தவர்கள் பதற்றமான சூழலைக் கொஞ்சம் நிதானமாகச் சந்தித்தார்கள். மூன்றாவது, கையும் மனமும் சேர்ந்து இறங்கும் ஒரு வேலை. டிவி போட்டுவிட்டு உட்காருவது இதற்குப் போதாது, அதன் பின்னணியில் மனம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

நண்பரிடம் கொட்டித் தீர்த்தால் சரியாகிவிடாதா?

நண்பரைப் பொறுத்தது. இரண்டு பேரும் சேர்ந்து அதே சம்பவத்தைத் திரும்பத் திரும்ப அலசினால், நட்பு நெருக்கமாகும், சோர்வும் கூடும். 2002-ல் அமாண்டா ரோஸ் பள்ளிப் பிள்ளைகளிடம் முதலில் கண்டது இது. பெரியவர்களின் போன் பேச்சுகளிலும் இதைப் பார்க்கலாம். ஒரு மணி நேரம் பேசி முடித்த பிறகு இலேசாக இருக்கிறதா, இன்னும் கொதிக்கிறதா என்று பாருங்கள்.

அந்த நினைப்பே வராமல் தடுக்க முடியாதா?

முயன்றால் இன்னும் வரும். 1987-ல் டேனியல் வெக்னர் மாணவர்களிடம், ஐந்து நிமிடம் ஒரு வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு "இப்போது தாராளமாக நினையுங்கள்" என்றபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களை விட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது.

தடுப்பதைவிடத் தள்ளிப்போடுவது நடக்கிற காரியம். கவலைக்கு என்று தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி நேரம் ஒதுக்குவது. மற்ற நேரத்தில் வரும் கவலையை ஒரு வரியில் குறித்துவிட்டு "சாயங்காலம் பார்க்கலாம்" என்று விடுவது. தாமஸ் போர்கோவெக்கும் அவருடைய குழுவும் 1983-லேயே இதைச் சோதித்தார்கள். அந்த நேரம் வரும்போது, எழுதி வைத்ததில் பாதிக்கு உயிரே இருக்காது.

கவலைப்படுவதால்தானே நான் ஜாக்கிரதையாக இருக்கிறேன்?

கவலையை விட முடியாமல் இருப்பவர்களில் நிறைய பேர் இதை உள்ளூர நம்புகிறார்கள். பயந்தது நடக்காமல் போகும்போதெல்லாம் "கவலைப்பட்டதால்தான் தப்பித்தோம்" என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது.

இதற்கு அடியில் இருப்பது, நிச்சயமில்லாத நிலையைத் தாங்க முடியாமை. 1990-களில் கனடாவின் க்யூபெக்கில் ஒரு குழு இதைத் தனிக் காரணியாகப் பிரித்து அளக்கத் தொடங்கியது. கெட்டது நடக்கும் என்பதைவிட, எது நடக்கும் என்று தெரியாததுதான் இவர்களை வாட்டும். அதனால் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், இணையத்தில் அறிகுறியைத் தேடுவார்கள், அனுப்பிய மெயிலை ஐந்து முறை திறந்து படிப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன நிம்மதி, அப்புறம் அடுத்த சந்தேகம். பயிற்சியும் சின்ன அளவில்தான்: ஒரு மெயிலை மறுபடி படிக்காமல் அனுப்புங்கள், ஒரு முடிவை யாரிடமும் கேட்காமல் எடுங்கள், என்ன ஆகிறது என்று பாருங்கள்.

மனம் சரியில்லாதபோது எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிறேன். ஓய்வு எடுப்பது நல்லதுதானே?

ஓய்வு நல்லதுதான். தவிர்ப்பது வேறு.

வங்கியிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. பிரிக்கப் பயம். மேஜையில் வைக்கிறீர்கள். அடுத்த நாள் அதன் மேல் ஒரு பத்திரிகை. மூன்றாம் நாள் அந்த மேஜைப் பக்கமே போவதில்லை, சாப்பாட்டுத் தட்டை வேறு அறைக்கு எடுத்துப் போகிறீர்கள். ஒவ்வொரு முறை விலகும்போதும் உடம்பில் ஒரு தளர்வு, "அப்பாடா" என்று. அந்த "அப்பாடா" தான் பழக்கத்தை வளர்க்கிறது. கடிதத்தில் இருப்பது வெறும் விளம்பரமாகக்கூட இருக்கலாம். பிரிக்காதவரை அது பயங்கரமாகவே இருக்கும். சோர்விலும் இதே கதைதான்: வெளியே போகாததால் நல்ல அனுபவம் எதுவும் வருவதில்லை, வராததால் சோர்வு கூடுகிறது, கூடுவதால் போகத் தோன்றுவதில்லை.

அதனால் ஒரு சிகிச்சை முறை எண்ணங்களை விட்டுவிட்டு நேராகச் செயலைப் பிடிக்கிறது. மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், நேரம் குறித்து, சின்னதாக வெட்டி, செய்துவிடுவது. 1996-ல் நீல் ஜேக்கப்சன் குழு ஒப்பிட்டுப் பார்த்தபோது, இந்தச் செயல் பகுதி மட்டுமே, எண்ணங்களை மாற்றும் பகுதியும் சேர்ந்த முழுச் சிகிச்சைக்கு ஈடாக இருந்தது. 2016-ல் இங்கிலாந்தில் 440 பேரை வைத்து நடந்த ஆய்வில், விசேஷப் பட்டம் இல்லாத இளநிலைப் பணியாளர்கள் இந்த முறையைக் கொடுத்தபோதும், தேர்ந்த சிகிச்சையாளர்கள் கொடுத்த சிபிடிக்கு (எண்ணங்களையும் பழக்கங்களையும் சேர்த்து மாற்றும் பேச்சுச் சிகிச்சை) குறையாத பலன் கிடைத்தது.

மேஜைமேல் கிடக்கும் கடிதத்துக்கும் இதுதான்: இன்று பிரித்தால் போதும். படிப்பது நாளைக்கு.

எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்று நினைப்பது தப்பா?

தனக்குத்தானே உயர்ந்த அளவுகோல் வைப்பது ஒன்று, "நான் கச்சிதமாக இல்லையென்றால் மற்றவர்கள் என்னை ஒதுக்கிவிடுவார்கள்" என்று நம்புவது இன்னொன்று. 1991-ல் ஹெவிட், ஃப்ளெட் இருவரும் இதை மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடம் எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் எதிர்பார்ப்பதாக நினைப்பது. சோர்வோடும் தற்கொலை எண்ணத்தோடும் நெருக்கமாக இருப்பது இந்த மூன்றாவது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்களிடம் 1989-க்கும் 2016-க்கும் இடையே இந்த மூன்றும் ஏறியிருக்கின்றன. அதிலும் மூன்றாவதுதான் அதிகமாக ஏறியது.

"என்னை நானே திட்டிக்கொள்ளாவிட்டால் சோம்பேறி ஆகிவிடுவேன்" என்று சிலர் சொல்வார்கள். நண்பர் ஒருவர் அதே தவறைச் செய்திருந்தால் அவரிடம் என்ன சொல்வீர்களோ, அதை உங்களுக்கும் சொல்லிப் பாருங்கள். கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியலாளர் 2003 முதல் ஆராய்ந்து வரும் இந்தத் தன்பரிவு, சாக்குச் சொல்வதில் போய் முடிவதில்லை. தன்னிடம் பரிவாக இருப்பவர்கள் தவறை ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்ளவும் அதிகம் முன்வருகிறார்கள் என்று சோதனைகள் காட்டுகின்றன.

சின்ன விஷயத்துக்கே ஆடிப்போவது என் பிறவிக் குணம். அது மாறுமா?

எதிர்மறை உணர்ச்சிகள் எளிதில், பலமாகத் தோன்றும் சுபாவம் ஒன்று உண்டு. ஆளுமை பற்றிய ஐந்து பெரிய அளவுகோல்களில் மனநலக் கோளாறுகளோடு மிக நெருக்கமானது அதுதான். ஆனால் அது கல்வெட்டு இல்லை. வயது ஏற ஏற சராசரியாகக் குறைகிறது. சிகிச்சையாலும் குறைகிறது: 2017-ல் 207 ஆய்வுகளைத் தொகுத்தபோது, சராசரியாக 24 வாரச் சிகிச்சையில் மிக அதிகம் மாறிய குணம் இதுவாகவே இருந்தது.

சிறு வயதில் பட்டது இப்போதும் பாதிக்குமா?

பாதிக்கலாம். 1998-ல் அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் சேர்ந்து, பல ஆயிரம் பெரியவர்களிடம் பிள்ளைப் பருவக் கொடுமைகள் பற்றிக் கேட்டார்கள்: அடி, பாலியல் வன்முறை, வீட்டில் குடிப்பவர், தாய் அடி வாங்குவதைப் பார்த்தது போன்றவை. எண்ணிக்கை கூடக் கூட சோர்வு, குடி, தற்கொலை முயற்சி எல்லாம் படிப்படியாகக் கூடின. இதய நோய் போன்ற உடல் நோய்களும் அப்படியே.

இப்போது இணையத்தில் இதையே ஒரு ஸ்கோராக்கி, "உங்கள் எண் 4-க்கு மேலா?" என்று பயமுறுத்துகிறார்கள். அது அந்த ஆய்வின் நோக்கம் இல்லை. அடி எவ்வளவு கடுமையானது, எத்தனை காலம் நீடித்தது, பக்கத்தில் அன்பான ஒரு பெரியவராவது இருந்தாரா என்பது எதுவும் அந்த எண்ணில் இல்லை.

உணர்ச்சிகளை வெளியே காட்டாமல் அடக்கிக்கொள்வது பலம்தானே?

சில இடங்களில் தேவை. எப்போதும் அதுவே வழி என்றால் விலை உண்டு. ஜேம்ஸ் கிராஸ் என்ற வேறொரு உளவியலாளரின் சோதனைகளில், முகத்தில் காட்டாமல் அடக்கியவர்களுக்கு உள்ளே வருத்தம் குறையவில்லை, உடம்பின் படபடப்பு கூடியது, அந்த நேரத்தில் கேட்டது, பார்த்தது நினைவில் சரியாக நிற்கவுமில்லை. நடந்ததை வேறு கோணத்தில் எடுத்துக்கொள்பவர்களுக்கு அந்தச் சேதாரம் இல்லை. "அவர் என்னை அவமதித்தார்" என்பது "அவருக்கு இன்று ஏதோ சரியில்லை" ஆகும்போது அடக்குவதற்கே அதிகம் மிஞ்சாது.

இன்னொரு வழி எழுதுவது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980-களில் சோதித்தது: தொடர்ந்து நான்கு நாள், தினமும் 15 நிமிடம், மனதை அரிக்கும் ஒன்றைப் பற்றி யாருக்கும் காட்டாமல் எழுதுவது. எழுதிய அன்று மனம் கொஞ்சம் கனக்கும். பலன், கிடைத்தால், பிறகுதான் தெரியும். மிதமான பலன்தான், மாயம் எதுவும் இல்லை.

சுற்றிலும் ஆட்கள் இருந்தும் தனியாக உணர்கிறேன்.

தனியாக இருப்பதும் தனிமையை உணர்வதும் ஒன்றல்ல. தனிமை உணர்வு நீடித்தால் மனம் எச்சரிக்கை நிலைக்குப் போய்விடுகிறது என்பது ஜான் கசியாப்போவின் ஆய்வுகளின் சாரம். யாராவது பதில் அனுப்பத் தாமதித்தால் "ஒதுக்குகிறார்கள்" என்று படும். நாமே முந்திக்கொண்டு விலகுவோம். அதனால் கூட்டத்தில் சேர்த்துவிடுவது மட்டும் போதாது, "என்னை யாருக்கும் பிடிக்காது" என்ற கணிப்பையும் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது. உறவுகளின் பலம் உடம்பையும் தொடுகிறது: 148 ஆய்வுகளைத் தொகுத்த 2010-ம் ஆண்டு முடிவின்படி, நல்ல உறவுகள் உள்ளவர்கள் அந்த ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம்.

எதுவும் என் கையில் இல்லை என்று தோன்றுகிறது.

1967-ல் செலிக்மன், மேயர் இருவரும் நாய்களை வைத்துச் சோதித்தார்கள். தப்பிக்கவே முடியாத மின் அதிர்ச்சியைப் பட்ட நாய்களில் பல, பிறகு தப்பிக்க வழி இருந்தபோதும் முயலாமல் படுத்துவிட்டன. கையறு நிலையை அவை கற்றுக்கொண்டன என்று விளக்கம் சொன்னார்கள். கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016-ல், மூளை ஆய்வுகளைப் பார்த்துவிட்டு அதே இருவர் அந்த விளக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். நீண்ட துன்பத்தில் அசையாமல் படுத்துவிடுவதுதான் மூளையின் இயல்பான முதல் பதில், "என்னால் ஏதாவது செய்ய முடியும்" என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது என்றார்கள். எனக்கு இது ஆறுதலான திருத்தமாகவே படுகிறது. கற்பதற்கு வழி, முடிக்கக்கூடிய அளவுள்ள ஒரு காரியத்தை முடிப்பது. இன்று ஒன்று, நாளைக்கு இன்னொன்று.

நோய் எதுவும் இல்லை, ஆனால் எதிலும் பிடிப்பில்லை. இதற்கு என்ன பெயர்?

கோரி கீஸ் 2002-ல் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். நோய் இருப்பதும் இல்லாததும் ஒரு அளவுகோல், வாழ்க்கையில் பிடிப்பும் பொருளும் இருப்பது இன்னொரு அளவுகோல். நோய் இல்லாமலே வாடிக்கிடக்கலாம். நோயோடு நல்ல வாழ்க்கையும் வாழலாம். வாடிக்கிடப்பவர்களுக்குப் பின்னாளில் சோர்வு வரும் வாய்ப்பு அதிகம், அதனால் "ஒன்றுமில்லை" என்று தள்ள வேண்டாம்.

இணையத்தில் இருக்கும் கேள்வித்தாள்களை நம்பலாமா?

"உங்கள் ஆளுமை எந்த நிறம்" வகையறாவைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாள் அப்படியல்ல, மருத்துவர்களே பயன்படுத்துவது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி 9 கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒரு மருத்துவரையோ உளவியலாளரையோ பார்ப்பது நல்லது. பதற்றத்துக்கு ஜிஏடி-7 என்ற கேள்வித்தாள் உண்டு. இவை சல்லடைகள்தான், நோயை உறுதி செய்வது நேர்ப் பேச்சில்தான் நடக்கும். ஒன்பதாவது கேள்வி உயிரை மாய்த்துக்கொள்வது பற்றியது. அதில் பூஜ்யத்துக்கு மேல் எது வந்தாலும், மொத்த மதிப்பெண் என்னவாக இருந்தாலும், யாரிடமாவது பேசுங்கள்.

தூக்கம், உடம்பு இவற்றுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. தூக்கமின்மை உள்ளவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. தைராய்டு குறைவு, பி12 குறைவு, ரத்தசோகை எல்லாம் மனச்சோர்வு போலவே வேஷம் போடும். மனதை அலசுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதில் தவறில்லை.

எப்போது உதவி தேட வேண்டும்? எவ்வளவு நாளில் சரியாகும்?

மனக் கனமோ, எதிலும் நாட்டமின்மையோ பெரும்பாலான நாட்களில், இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, வேலையையும் வீட்டையும் பாதித்தால் போதும். அதைவிட மோசமாகும்வரை காத்திருக்க வேண்டாம். சிபிடி பொதுவாக 12 முதல் 20 சந்திப்புகள். மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்வது தெரியச் சில வாரங்கள் ஆகும், கொஞ்சம் தேறியதும் நாமாக நிறுத்தக் கூடாது. திரும்பத் திரும்பச் சோர்வில் விழுந்தவர்களுக்கு, மீண்டும் விழாமல் இருக்க, எட்டு வார முழுக்கவனப் பயிற்சியோடு (மைண்ட்ஃபுல்னஸ்) சேர்ந்த சிகிச்சையும் இருக்கிறது.

வீட்டில் ஒருவர் இப்படி இருக்கிறார். நான் என்ன சொல்வது?

அறிவுரையைக் குறையுங்கள். "உனக்கு என்ன குறை?" என்பது கேள்வி போல இருந்தாலும் குற்றச்சாட்டாகத்தான் போய்ச் சேரும். "ரெண்டு வாரமா நீ சரியா சாப்பிடலை, தூங்கலைன்னு பார்க்கிறேன். என்ன ஆச்சு?" என்று பார்த்ததைச் சொல்லிக் கேளுங்கள். பதில் உடனே வராது, பக்கத்தில் உட்காருங்கள். டாக்டரிடம் போ என்று சொல்வதைவிட, நேரம் வாங்கி, கூடவே போவது பலன் தரும்.

சாவைப் பற்றிய எண்ணம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள்: "செத்துப்போகலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, ஆய்வுகள் இதைத் தெளிவாகவே காட்டியிருக்கின்றன. பெரும்பாலும் கேட்டவுடன் ஒரு பாரம் இறங்கும். "ஆமாம்" என்றால் அதிர்ச்சியைக் காட்டாமல், எப்படி என்று யோசித்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். மாத்திரை, பூச்சிமருந்து போன்றவற்றைக் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள், உங்கள் நாட்டின் அவசர எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அன்றைக்கே அழையுங்கள்.